ஞாயிறு போய் வந்தால் முகம் கொடுக்காத பையன்

கேள்வி: நானும் கணவரும் பிரிந்து பத்து மாதம் ஆகிறது. நான் மார்த்தாண்டத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன், அவர் கோட்டாறில். வழக்கு எதுவும் இல்லை. மகனுக்கு 10 வயது, மகளுக்கு 4. ஞாயிறு தோறும் நினைத்த நேரத்துக்கு வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போகிறார், கொண்டுவிட ராத்திரி பத்து மணி ஆகிறது. மூன்று மாதமாகச் செலவுக்குப் பணமும் தரவில்லை. போய் வந்தால் பையன் இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்தே பேசுவதில்லை. டிசம்பரில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு அனுப்பச் சொல்கிறார். இனி அனுப்பவே வேண்டாம் என்கிறார் அம்மா. என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி

பதில்: அவர் அடிப்பார், குடித்துவிட்டு வண்டி ஓட்டுவார் என்றெல்லாம் நீங்கள் எழுதவில்லை. அப்படி இருந்தால் மேலே படிக்க வேண்டாம், பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசுங்கள். 2005-ம் வருட குடும்ப வன்முறைச் சட்டப்படி, பிள்ளைகளைப் பார்க்க வருவதையே மாஜிஸ்திரேட் தடுக்க முடியும்.

அப்படி இல்லையென்றால், அனுப்பாமல் இருக்காதீர்கள் தங்கச்சி. மாற்ற வேண்டியது அந்த 'நினைத்த நேரம்'தான். எப்போது வருவார், எப்போது திரும்புவோம் என்று தெரியாமல் காலையிலிருந்து வாசலையே பார்த்திருக்கும் பிள்ளைக்கு அந்த நாளே கனத்துப் போகும். அந்தப் பையன் திங்கட்கிழமை சிரித்துக்கொண்டா வருவான்? பேசாமல் இருப்பதை வைத்து அங்கே ஏதோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மனசு வந்து சேர நேரம் பிடிக்கும். வந்ததும் 'யார் வந்தா, என்ன சொன்னா, என்ன சமைச்சா' என்று உங்கள் அம்மா விசாரணை நடத்துகிறாரா? கடிதத்தைப் படித்தபோது எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. நடத்தினால் முதலில் அதை நிறுத்துங்கள். சோறு போட்டு, தூங்கவிடுங்கள். அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரத்தை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஞாயிறு காலை பூசை முடிந்து ஒன்பது மணிக்குக் கூட்டிப் போவது, மாலை ஆறு மணிக்கு வீட்டில் விடுவது என்று வைக்கலாம். மார்த்தாண்டம் ரோட்டு நெரிசல் அவருக்கும் தெரியும், நாலரைக்குக் கிளம்பட்டும். வர முடியாவிட்டால் முந்தின நாள் ராத்திரிக்குள் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியது உங்களிடம்தான், பையன் வழியாக அல்ல. 'அப்பாட்ட பீஸ் கேளு' என்று நீங்களும் அவனைத் தூது விடக்கூடாது.

சின்னவளுக்கும் இதே கணக்கு ஒத்துவராது. 4 வயதுப் பிள்ளைக்கு ஒரு வாரம் என்பது ரொம்ப நீளம். நடுவில் ஒரு சாயங்காலம் அவர் இங்கே வந்து இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டுப் போகட்டும். பெரியவனை மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி அங்கே தங்கவும் விடலாம். மருந்து, வீட்டுப்பாடம் எல்லாம் பையோடு போய்ப் பையோடு வரவேண்டும்.

பணம் வேறு விஷயம். தரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்டாமல் இருந்தால் நாளைக்கு கோர்ட்டில் உங்கள் பக்கம்தான் பலவீனப்படும். ஜீவனாம்சத்துக்கு முன்பு 125-வது பிரிவு என்று சொல்வார்களே, இப்போது அது பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144-வது பிரிவு. அதில் தனியாக மனு போடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. நாகர்கோவிலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, சட்ட உதவி எண் 15100-க்கும் பேசலாம். பார்க்கும் நேரத்தைப் பற்றிய சமரசப் பேச்சுக்கும் அங்கேயே கேளுங்கள். பங்குத்தந்தை பேசிவைத்தாலும் நல்லதுதான், ஆனால் எழுத்தில் வாங்குங்கள்.

ஒருவேளை கோர்ட்டுக்கே போனாலும், 1890-ம் வருட காப்பாளர் சட்டத்தில் பிள்ளையின் நலன்தான் அளவுகோல். விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கணக்கில் எடுக்கலாம். அதற்காக இப்போதே 'யார்கூட இருப்ப?' என்று அவனிடம் கேட்டுவைக்காதீர்கள்.

திருவிழாவுக்கு அனுப்புங்கள். டிசம்பர் 3 அப்பா வீட்டில் என்றால் கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசை உங்களோடு, அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம் என்று அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். தேர் பார்க்க எந்தச் சட்டை போடுவது, நீங்கள் எடுத்ததா அவர் எடுத்ததா என்பதைப் பையனே பார்த்துக்கொள்வான்.