அரிசி டின்னில் ஒரு மாத்திரை அட்டை

கேள்வி: எனக்கு வயது 32. கும்பகோணத்தில் மாமியாரோடு இருக்கிறோம். மகனுக்கு மூன்று வயது. அடுத்த குழந்தை இப்போதைக்கு வேண்டாம் என்று நானும் கணவரும் பேசி, நான்கு மாதங்களாகக் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். அதுமுதல் நள்ளிரவு தாண்டியும் தூக்கம் வருவதில்லை, நெஞ்சு படபடக்கிறது. எப்போதும்போல நாளைக்கு மூன்று காபிதான் குடிக்கிறேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று கணவர் சொன்னதால் மாத்திரையை அரிசி டின்னில் ஒளித்துவைத்து, மாலை ஆறு மணிக்கு மாமியார் ஆசையாகத் தரும் காபியோடு விழுங்கிவிடுகிறேன். தூக்க மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. தூக்கத்தைப் பற்றிப் பத்து வரி எழுதிய நீங்கள், அரிசி டின்னைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். நான் பதில் எழுத உட்கார்ந்ததே அந்த டின்னுக்காகத்தான்.

முதலில் காபியைப் பார்ப்போம். காஃபீனைச் சிதைப்பது கல்லீரலில் உள்ள சி.ஒய்.பி.1ஏ2 என்ற நொதி. உங்கள் மாத்திரை ஈஸ்ட்ரோஜன் கலந்ததாக இருந்தால், அதாவது அட்டையில் எத்தினில் எஸ்ட்ராடியால் என்று அச்சிட்டிருந்தால், அது இந்த நொதியை மந்தப்படுத்திவிடும். குடித்த காஃபீனில் பாதி குறைவதற்குப் பொதுவாக 5 அல்லது 6 மணி நேரம் ஆகும். இம்மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு 10 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம் என்பது 1980களிலேயே அளந்து அறிந்த செய்தி. ஆறு மணிக்குக் குடித்த காபியில் பாதி, விடியற்காலை நான்கு மணிக்கும் உங்கள் உடம்பில் இருக்கிறது. அது தீரும் முன்பே காலைக் காபி வந்து சேர்ந்துகொள்கிறது. மூன்று டபராவும் பழைய மூன்றுதான், ஆனால் உடம்புக்கு அவை ஐந்தாறுபோல ஆகிவிட்டன. மகனைச் சுமந்த கடைசி மாதங்களிலும் உங்களுக்கு இதே மந்தம், இன்னும் கூடுதலாகவே இருந்திருக்கும்.

மாத்திரையைக் காபியோடு விழுங்குவதால்தான் இப்படி ஆகிறது என்று எண்ணிவிடாதீர்கள். காலையில் தண்ணீரோடு விழுங்கினாலும் நொதி மந்தமாகத்தான் இருக்கும். காபியால் மாத்திரையின் பலனும் குறையாது. ஆகவே மாத்திரையைப் பாதியில் நிறுத்த வேண்டாம். காபியை நண்பகலோடு முடித்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் விட்டால் தலை வலிக்கும் என்பதால், மாலைக் காபியை முதலில் அரை டபராவாக்கி, ஒரு வாரத்தில் விட்டுவிடுங்கள்.

இனி டின்னுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மருத்துவர் என்ற சொல்லே இல்லை. ஒளித்துச் சாப்பிடுகிற மாத்திரை, கடையில் கேட்டு வாங்கியதாகத்தான் இருக்க வேண்டும் என்று சந்தேகிக்கிறேன். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையை இரத்த அழுத்தம் அதிகமுள்ளவர்கள் சாப்பிடக் கூடாது; உங்கள் அழுத்தத்தை யாராவது அளந்தார்களா? படபடப்பு முழுவதும் காபியால்தான் என்று கடிதத்தைப் படித்து என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, மாத்திரையையும் காபிக் கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு என்கிறீர்கள். ஆனால் விழுங்குவதும் ஒளிப்பதும் விழித்துக் கிடப்பதும் நீங்கள் ஒருவர்தானே? தாயிடம் ஒரு சொல் சொல்லத் தயங்கி, மனைவியை அரிசிக்குள் கைவிட்டுத் துழாவ வைக்கிற கணவரை நான் நல்ல பிள்ளை என்று சொல்ல மாட்டேன். குழந்தை எப்போது என்பதை மாமியாரிடம் விளக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பெரியவர்கள் அறிய வேண்டாத கதவுகள் ஒரு வீட்டில் இருக்கலாம். அதற்காக, அவர் அன்போடு நீட்டும் காபியையே மறைப்பாகப் பயன்படுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. அவரிடம் நேர்மையாகச் சொல்லக்கூடிய ஓர் உண்மை உங்களிடம் இருக்கிறது: மாலைக் காபி தூக்கத்தைக் கெடுக்கிறது. அதை அவர் அவமதிப்பாக எடுத்துக்கொள்வார் என்று அஞ்சினால், சொல்லும் பொறுப்பை உங்கள் கணவரிடம் விடுங்கள். நாளை மாலை ஆறு மணிக்கு அவர் வீட்டில் இருக்கட்டும். “அம்மா, இவளுக்கு வேண்டாம், எனக்குக் கொடு” என்று கைநீட்டி அந்த டபராவை அவரே வாங்கிக் குடிக்கட்டும்.