பின்பலகை அசையும் படகில் 25 குதிரைத்திறன் எஞ்சின் மாட்டலாமா?

வணக்கம் ஐயா. தொண்டியில் வாங்கிய பழைய ஃபைபர் படகில் எஞ்சினைத் தாங்கும் பின்பலகை அசைகிறது என்றும், 9.9 குதிரைத்திறன் எஞ்சினுக்குப் பதிலாக 25 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினை மாட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பலகையைச் சரிசெய்யாமல் தயவுசெய்து மாட்ட வேண்டாம். ஓடும்போது அது பிளந்தால் எஞ்சினோடு படகும் போய்விடும்.

வெளியே ஃபைபர் நன்றாகத் தெரிந்தாலும், போல்ட் துளைகள் வழியே இறங்கிய நீர் உள்ளிருக்கும் மரத்தை உளுக்கச் செய்திருக்கலாம். ஆகவே சுத்தியலால் மெல்லத் தட்டி, மந்தமான ஓசை எழும் இடத்தில் உட்புறமிருந்து சிறு துளையிட்டுப் பாருங்கள். வெளிவரும் தூள் கறுத்து ஈரமாக இருந்தால், உட்பக்க ஃபைபரை வெட்டியெடுத்து, உளுத்த மரம் முழுவதையும் நீக்கி, நன்கு உலர்ந்தபின் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டை எப்பாக்சி ரெசினால் ஒட்டுங்கள். பாலியஸ்டர் ரெசின் மலிவுதான், ஆனால் மரத்தையும் பழைய ஃபைபரையும் அது அந்த அளவுக்குப் பற்றாது. போல்ட் துளைகளைச் சற்றுப் பெரிதாக இட்டு எப்பாக்சியால் நிரப்பி, இறுகியபின் நடுவில் மறுபடி துளையிட்டால், நீர் மரத்தை எட்டாது. ஐப்பசி மழை தொடங்குமுன் இவ்வேலையை முடிப்பது மிக நல்லது.

புதிய எஞ்சின் எடை கூடியது. படகு கட்டியவர் குறித்த உச்சத் திறனைக் கேட்டறிந்து, பின்பலகையின் உயரம் 15 அங்குலமா 20 அங்குலமா என்று அளந்தபின், அதற்கேற்ற தண்டு நீளமுள்ள (நீருக்குள் இறங்கும் கால்பகுதி) எஞ்சினை வாங்குங்கள்.