மோட்டார் காட்டும் டார்க்கில் யார் யார் பங்கு?

வணக்கம்.

எஃப்இசட்ஜி ரிக்கில் (கியரையும் எண்ணெயையும் சோதிக்கும் இயந்திரம்) சி வகை கியர்களைப் போட்டு, லோடு இல்லாமல் ஓட்டினோம். பினியன் (ஜோடியில் சிறிய கியர்) வேகம் 2170 ஆர்பிஎம், எண்ணெய் விஜி 100 (பாகுத்தன்மைத் தரம்), வெப்பநிலை 90 டிகிரி, எண்ணெய் மட்டம் ஷாஃப்ட் மையம் வரை. 1447 ஆர்பிஎம்மில் சுற்றும் மோட்டார் 1.6 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் திறன்) காட்டியது. அதாவது 242 வாட். அதே நிலைமைக்கு எஸ்பிஎச் முறையில் (திரவத்தைத் துகள்களாகப் பிரித்துக் கணக்கிடுவது), 0.8 மி.மீ. துகள்களோடு செய்த சிமுலேஷன் தருவது வெறும் 38 வாட். பாகுத்தன்மையைக் கூட்டிப் பார்த்தால் இரண்டும் நெருங்கி வருகின்றன. அப்படிச் செய்வது சரிதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சரியல்ல. இந்த வேகத்தில் பொருந்துகிற பாகுத்தன்மை அடுத்த வேகத்தில் பொருந்தாது. முதலில் 242 வாட்டைப் பிரியுங்கள். அந்த ரிக்கில் ஒன்றையொன்று சுழற்றும் இரண்டு கியர்பாக்ஸ்கள் இருக்கின்றன: மோட்டார் பக்கம் டிரைவ் பாக்ஸ், சோதிக்கும் கியர்கள் உள்ள டெஸ்ட் பாக்ஸ். அந்தச் சுற்றின் மொத்த இழப்பையும் மோட்டார்தான் ஈடுகட்டுகிறது. ஆகவே உங்கள் எண்ணில் டிரைவ் பாக்ஸின் கியர், இரு பாக்ஸ்களின் பேரிங், ஆயில் சீல் எல்லாமே அடங்கும். சிமுலேஷனில் இருப்பதோ டெஸ்ட் கியர்கள் எண்ணெயைக் கடையும் இழப்பு மட்டும்.

பிரிக்க எளிய வழி உண்டு. டெஸ்ட் பாக்ஸின் இரு ஷாஃப்ட்டுகளையும் டிரைவ் பாக்ஸின் கியர் ஜோடியே சுழற்றுவதால், டெஸ்ட் கியர்களைக் கழற்றி, அந்த இடத்தில் வெறும் ஸ்பேசர் புஷ் (இடத்தை நிரப்பும் வளையம்) போட்டும் ரிக்கை ஓட்டலாம். கியர் வெளியே வந்தால் மட்டம் இறங்கும். எண்ணெய் சேர்த்துப் பழைய மட்டத்துக்கே கொண்டுவாருங்கள். இரு பாக்ஸ்களிலும் வெப்பநிலை மாறக் கூடாது. முதலில் வெறும் ஷாஃப்ட், அடுத்து வீல் (பெரிய கியர்) மட்டும், கடைசியில் இரண்டும் என மூன்று முறை ஓட்டுங்கள். முதல் இரண்டின் வித்தியாசம் வீல் தனியாகக் கடைவது. சிமுலேஷனிலும் வீலை மட்டும் ஓட்டி அதோடு ஒப்பிடுங்கள். அங்கேயே பொருந்தாவிட்டால் பல் பிணைப்பைக் குறை சொல்ல இடமில்லை.

வீல் பொருந்தி, ஜோடி மட்டும் குறைவாக வந்தால் அது எதிர்பார்க்கக்கூடியதுதான். பற்கள் பிணையும்போது நடுவில் சிக்கும் எண்ணெய் பிதுங்கி வெளியேறும் இடைவெளி, ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு அளவு. 0.8 மி.மீ. துகள் அதற்குள் நுழையவே நுழையாது. சிலர் மையத் தூரத்தை அரை மி.மீ. கூட்டி வைக்கிறார்கள், அப்போது இடைவெளி விரியும், பிதுக்கல் போய்விடும். கணக்கு ஓடுகிறது என்பதற்காக அதை நம்பிவிட முடியாது.

துகளைச் சிறிதாக்கலாமே என்று தோன்றும். 1.25 லிட்டர் எண்ணெய்க்கு 0.8 மி.மீ.யில் சுமார் 24 லட்சம் துகள். 0.4 மி.மீ. என்றால் எட்டு மடங்கு, ஏறக்குறைய 2 கோடி. கால அடியும் (கணக்கின் ஒவ்வொரு படியின் நேரம்) பாதியாகும். மொத்த வேலை 16 மடங்கு. 1.2, 0.8, 0.6 என மூன்று ஓட்டங்களில் டார்க் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தால் போதும். இன்னும் ஏறிக்கொண்டே இருந்தால், வீலின் பக்கவாட்டில் ஒட்டும் மெல்லிய படலத்தைத் துகள்கள் பிடிக்கவில்லை என்று பொருள்.

பாகுத்தன்மையை ஒருமுறை சரிபாருங்கள். விஜி 100 என்பது 40 டிகிரிக்கான எண். 90 டிகிரியில் சாதாரண மினரல் எண்ணெய் சுமார் 14 சென்டிஸ்டோக்ஸ். அடர்த்தி கன மீட்டருக்கு 840 கிலோ என்று வைத்தால் 12 மில்லிபாஸ்கல்-நொடிதான் உள்ளே போக வேண்டும். மென்பொருள் எந்த அலகு கேட்கிறது என்று பார்க்காமல் போட்டு ஏமாந்தவர்கள் ஏராளம்.

சராசரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். முதல் சில சுற்றுகளில் எண்ணெய் மேலே வீசப்படும். அப்போது டார்க் எகிறும். அடியில் எஞ்சும் எண்ணெய் அளவு நிலைத்த பிறகு, முழுச் சுற்றுகளாக எண்ணிச் சராசரி எடுங்கள். காற்றை விட்டுவிட்ட ஒற்றைத் திரவக் கணக்கு உங்களுடையது என்றால், ரிக்கை நிறுத்தியதும் சைட் கிளாஸை (எண்ணெய் மட்டம் பார்க்கும் கண்ணாடி) பாருங்கள். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் அதில் காற்றுக் குமிழி கலந்திருக்கிறது. கணக்கில் கொடுத்த 840 அடர்த்தி அங்கே இல்லை.