கோபுரம் சுமக்கும் புழு: கூட்டைப் பிரிக்காமலே அடையாளம் காணலாம்

கேள்வி: பினாங்கு தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்தில் உள்ள நிலா வாசல் வழியாகக் கொடிமலைப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தேன். இடுப்பு உயரச் செடி ஒன்றின் இலைமேல் பழுப்பு நிறத்தில் ஒரு கூம்பு நின்றது. ஒரு சென்டிமீட்டர் உயரம் இருக்கும். காய்ந்த இலையை வட்ட வட்டமாக வெட்டி அடுக்கியதுபோல், பார்க்கக் குட்டிக் கோபுரமாக இருந்தது. ஏதோ விதை என்று நினைத்துத் தொட்டேன், இலையோடு இறுகிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் மெல்ல நகர்ந்தது! படம் அனுப்பியிருக்கிறேன். இது என்ன? விஷமா? என் வீட்டுக் கறிவேப்பிலைக்கு வந்தால் ஆபத்தா? வீட்டுச் சுவரிலும் சாம்பல் நிறத்தில் ஒரு கூடு ஊர்கிறதே, இரண்டும் ஒன்றுதானா? (ஆயர் ஈத்தாம் வாசகி)

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். இது கொட்டாது, கடிக்காது, விஷமும் இல்லை. நீங்கள் பார்த்தது கூண்டுப்புழு. அந்துப்பூச்சி இனத்தைச் சேர்ந்த ஒரு கம்பளிப்புழு, தன் கூட்டைத் தானே கட்டி, போகும் இடமெல்லாம் சுமந்து திரிகிறது. நம் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் இதன் உறவினர்களை மலாயில் ‘உலாட் புங்குஸ்’ என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இந்தக் குடும்பத்தில் உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஒவ்வொன்றும் கூடு கட்டும் விதம் வேறு. இலைத் துண்டுகளை வட்ட அடுக்குகளாக ஏற்றிக் கூம்பாகக் கட்டுவது பகோடியெல்லா என்ற பேரினம். உங்கள் படத்தில் தெரிவது அதுதான்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி உச்சியிலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வாருங்கள். உச்சியில் உள்ள அடுக்குகள் மிகச் சிறியவை, வெளுத்தும் போயிருக்கின்றன. கீழே வர வர அடுக்கு அகலமாகிறது. கடைசி அடுக்கில் மட்டும் இன்னும் லேசாகப் பச்சை தெரிகிறது. புழு முட்டையிலிருந்து வந்த புதிதில் கட்டியதுதான் அந்த உச்சி. உடம்பு வளர வளர, வாய்ப்பக்கத்தில் புது அடுக்கு சேர்த்துக்கொண்டே வருகிறது. இலையில் ஒரு துண்டைக் கடித்து எடுக்கும், கூட்டின் விளிம்பில் வைக்கும், தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, வாய்க்குக் கீழே சுரக்கும் பட்டு நூலால் தைத்துவிடும். உள்ளே முழுக்கப் பட்டு விரிப்பு. அதனால்தான் நீங்கள் தொட்டபோது அது விளிம்பை இலையோடு அழுத்திக்கொள்ள முடிந்தது. நகரும்போது தலையும் நெஞ்சுப் பகுதியில் உள்ள மூன்று ஜோடிக் கால்களும் மட்டுமே வெளியே வரும். எச்சத்தை உச்சி முனையில் உள்ள சிறு துவாரம் வழியாகத் தள்ளிவிடும். தோல் உரிப்பதும் உள்ளேயேதான்.

உள்ளே என்னதான் இருக்கிறது என்று கூட்டைப் பிரித்துப் பார்க்கும் ஆசை பலருக்கு வரும். தயவுசெய்து வேண்டாம். புழுவைப் பிடித்து இழுத்தால் உடம்பு கிழிந்துவிடும். கூடு இழந்த புழு எறும்புக்கும் வெயிலுக்கும் தப்புவது கடினம். பிரிக்கத் தேவையும் இல்லை: எதனால் கட்டியிருக்கிறது, எத்தனை வாசல், எங்கே ஒட்டியிருக்கிறது என்ற மூன்றையும் பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

உங்கள் சுவரில் ஊர்வதையே எடுத்துக்கொள்வோம். அது தட்டையாக, நடுவில் அகன்று இரு முனையிலும் கூம்பி, மணலும் தூசியும் நூலும் ஒட்டி இருக்கிறதா? ஒரு சென்டிமீட்டர் சொச்சம் நீளமா? அப்படியானால் அது வேறு குடும்பம், துணியை அரிக்கும் அந்துப்பூச்சிகளின் உறவு. அதற்கு இரண்டு முனையிலும் வாசல் உண்டு. புழு உள்ளேயே திரும்பி எந்தப் பக்கமும் தலை நீட்டும். செடியை அது தொடாது. பழைய ஒட்டடை, உதிர்ந்த முடி, செத்த பூச்சி இவைதான் உணவு. கம்பளித் துணி கிடைத்தால் அதையும் அரிக்கும். நம் ஊர் ஈரப்பதம் அதற்கு ரொம்பப் பிடிக்கும். மருந்து அடிக்க வேண்டாம். ஒட்டடை அடித்து, அலமாரிக்குப் பின்னால் பெருக்கி, ஈரம் தங்காமல் பார்த்துக்கொண்டால் குறைந்துவிடும்.

தண்ணீர்மலைப் பக்கத்து ஓடையில் கல்லுக்கு அடியில் மணல் குழாய் மாதிரி ஒன்றைக் கண்டால் அது நீரில் வாழும் கேடிஸ் பூச்சியின் புழு. இலைமேல் இருக்கும் கூட்டுக்கு ஒரே வாசல்தான், கட்டியிருப்பதும் எச்சத்தால்தான் என்றால் அது ஒரு வகை இலைவண்டின் புழு. கிளையில் முட்டைபோல வழவழப்பாக, கெட்டியாக ஒட்டியிருந்தால் மட்டும் கை வைக்காதீர்கள். அது கொட்டும் கம்பளிப்புழுக்கள் சிலவற்றின் கூடாக இருக்கலாம். அதில் ஒட்டிய முட்கள் தோலில் எரிச்சல் தரும்.

சரி, கறிவேப்பிலைக்கு வருவோம். கூண்டுப்புழு என்றதும் தோட்டத்துக்காரர்கள் பதறுவதற்குக் காரணம் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவின் செம்பனையை மெத்திசா பிளானா, தெரோமா பெண்டுலா, மகசேனா கோர்பெத்தி என்ற மூன்று இனங்கள் மொட்டையடித்துவிடும். 2013-இல் இவற்றை ஆபத்தான பீடையாகவே அரசு அறிவித்தது. தோட்ட ஓரங்களில் வரிசையாக டர்னெரா பூச்செடி நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வெறும் அழகுக்கல்ல. கூண்டுப்புழுவின் உடம்பில் முட்டையிடும் சிறு குளவிகளுக்கு அந்தப் பூவின் தேன் உணவு. ஆனால் மலைப் பாதையில் நீங்கள் பார்த்த கோபுரப் புழு அந்த மூன்றில் ஒன்றல்ல. காட்டில் குளவியும் பறவையும் அதைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. அதை அங்கேயே விட்டுவிடுங்கள். வீட்டுக்கு எடுத்து வரவும் வேண்டாம்.

இனி பாதையில் இப்படி எதையாவது கண்டால் பக்கத்தில் ஒரு பத்து சென் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். அதன் குறுக்களவு 18.8 மில்லிமீட்டர் என்பதால் கூட்டின் அளவு எனக்குத் துல்லியமாகக் கிடைக்கும். இரண்டு முனையும் தெரிய வேண்டும். எந்தச் செடி என்று தெரிய, முழு இலையும் கிளையும் ஒரு படத்தில் வரட்டும்.

வீட்டுச் செடியில் கூண்டுப்புழு வந்தால் கையால் பறிப்பதே போதும். ஒன்றிரண்டு இருந்தால் செடிக்கு ஒன்றும் ஆகாது. பத்திருபது கூடு தொங்கினால் கத்தரியால் நூலை வெட்டி எடுங்கள், ஏனென்றால் பட்டு நூல் பட்டையைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருக்கும். அசையாத கூடு காலி என்று நினைத்துச் செடியடியில் போட்டுவிடாதீர்கள். இந்தக் குடும்பத்தின் பல இனங்களில் பெண்ணுக்கு இறக்கையே கிடையாது. அது கூட்டை விட்டு வெளியே வராமலே இணைசேர்ந்து, உள்ளேயே முட்டையிட்டுச் செத்துவிடும். பொரிந்து வரும் குஞ்சுகள் நூல் விட்டுக் காற்றில் அடுத்த செடிக்குப் போய்விடும். கூட்டின் அடிமுனையில் மெல்லிய பழுப்புத் தோல் ஒன்று பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஆண் பறந்து போய்விட்டது என்று அர்த்தம். அந்தக் கூட்டில் இனி ஒன்றும் இல்லை. அப்படித் தோல் தெரியாத கூடுகளை எல்லாம் சவர்க்காரத் தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டு, அப்புறம் குப்பையில் போடுங்கள்.