'எங்கள் மென்பொருள் மட்டும்' ஒப்பந்தம்: கையெழுத்துப் போடலாமா?
கடலூரில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கிறீர்கள். ஒரு பில்லிங் மென்பொருள் கம்பெனி, தங்களுடையதை மட்டும் போட்டு விற்றால் பெரிய தள்ளுபடி என்கிறது, சரியா என்று கேட்டிருந்தீர்கள். அந்த 'மட்டும்' இருக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள் சார்.

ஐபிஎம்மைப் பாருங்கள். 1981இல் அவர்களுடைய பிசி வந்தபோது, அதை இயக்கும் டாஸ் மென்பொருளை மற்றவர்களுக்கும் விற்கும் உரிமை மைக்ரோசாஃப்டிடமே இருந்தது. காம்பேக் போன்ற கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் அதை வாங்கிப் போட்டியாக வந்தார்கள். அப்புறம் விண்டோஸுக்குப் போட்டியான தன் ஓஎஸ்/2 மென்பொருளை ஐபிஎம் கைவிட மறுத்ததில் மைக்ரோசாஃப்டுடன் உரசல். 1995 ஆகஸ்ட் 24 அன்று, விண்டோஸ் 95 வெளியீட்டு விழா தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போதுதான் அதன் உரிமமே ஐபிஎம்முக்குக் கிடைத்தது. அமெரிக்க நீதிமன்றம் இதைப் பதிவு செய்திருக்கிறது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்த நிலை என்றால் நம்மைப் போன்ற கடைக்காரர்கள் என்ன செய்ய முடியும்?

இன்னொன்று. கட்டணம் அவர்கள் மென்பொருள் ஏறிய மெஷினுக்கு மட்டுமா, நீங்கள் விற்கும் ஒவ்வொரு மெஷினுக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டாவது வகையை மைக்ரோசாஃப்ட் 1994இல் அமெரிக்க அரசுடன் உடன்பட்டுக் கைவிட வேண்டியிருந்தது.

உங்களிடம் வாங்கும் பண்ருட்டி முந்திரி வியாபாரியின் விவரம் அவர்கள் கைக்குப் போனால், அடுத்த வருடம் புதுப்பிப்பை நேரடியாகவே விற்பார்கள். அதைத் தடுக்கும் நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.