கடைக் கணினியில் விண்டோஸ் 11 ஏறாதாம், தூக்கித்தான் போட வேண்டுமா?

கேள்வி: சார், திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊரில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கடையில் இரண்டு கணினி. ஒன்று ஐ5-7400, விண்டோஸ் 10; ஆன்லைன் விண்ணப்பம், ஆதார் பிரின்ட், ஜிஎஸ்டி எல்லாம் அதில்தான். இன்னொன்று ரொம்பப் பழசு, விண்டோஸ் 7. பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்க மட்டும். வீட்டில் மகளுக்கு ஐ5-8250யூ லேப்டாப், அதிலும் விண்டோஸ் 10. மூன்றிலுமே 11 ஏறாது என்கிறார்கள். சர்வீஸ் பையன் மூன்றையும் மாற்றச் சொல்கிறான். அக்கா மகன் ‘ரூஃபஸ் வச்சு ஏத்தித் தரேன் மாமா’ என்கிறான். பக்கத்துக் கடைக்காரர் நல்ல ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: யார் சொல்வதையும் முழுசாகக் கேட்க வேண்டாம். மூன்று கணினிக்கும் மூன்று வேறு பதில் இருக்கிறது, எதற்கும் இப்போதைக்குப் பெரிய பணம் ஆகாது. எது எவ்வளவு பழசு என்று பார்க்காதீர்கள். எது நெட்டைத் தொடுகிறது, எதில் ஊராரின் ஆவணங்கள் கிடக்கின்றன என்று பாருங்கள்.

முதலில் என்னதான் முடிந்தது என்று சொல்லிவிடுகிறேன். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மாதாமாதம் வரும் இலவசப் பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். கணினி நிற்காது, ஃபைல் போகாது, பிரின்டர் ஓடும். இனி விண்டோஸுக்குள் ஏதாவது ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அது அடைக்கப்படாது, சிக்கல் அதில்தான். 10-உம் 11-உம் உள்ளுக்குள் பெரும்பகுதி ஒரே நிரல்தான் என்பதால், 11-க்கு ஓர் ஓட்டையை அடைத்து அப்டேட் விட்டவுடனே, கெட்டிக்காரத் திருடன் அந்த அப்டேட்டைப் பிரித்துப் பார்த்து, அட இதே ஓட்டை 10-லும் இருக்கிறதே என்று கண்டுபிடித்துவிடலாம். அடைப்பே அவனுக்கு வழிகாட்டியாகிவிடும்.

இது வெறும் பூச்சாண்டியா என்றால், இல்லை. 2017 மே 12-இல் கிளம்பி, ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை ஞாபகம் இருக்கும், இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளையே படுக்க வைத்ததே அதுதான். அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. இரண்டு மாதம் அதைப் போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள். எல்லோரும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள்தான் காரணம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள், கடைசியில் பார்த்தால் பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை அன்றைக்கு ஆதரவு இருந்த விண்டோஸ் 7. ஆகவே கணினியின் வயதுக்குப் பயப்படுவதை விட, அப்டேட் போடாத கணினிக்குப் பயப்படுவது நல்லது.

சரி, கடையின் ஐ5-7400. இதில் 11 ஏன் ஏறவில்லை? பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் டிபிஎம் சிப் இல்லை என்று சர்வீஸ் பையன் சொல்லியிருப்பான். பெரும்பாலும் இருக்கும். இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே அநேகமாக எல்லாவற்றையுமே மைக்ரோசாஃப்ட் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டது, உங்களுடையது ஏழு. கோட்டுக்கு ஒரு படி கீழே மாட்டிக்கொண்டீர்கள். இதற்கு நியாயமான காரணம் கொஞ்சம் இருக்கிறது, புதிய சிப்களில் சில பாதுகாப்பு வேலைகள் வேகம் குறையாமல் நடக்கும். ஆனால் ஏழாம் தலைமுறை ஐ5-இல் 11 வைத்தால் பாதுகாப்பே போய்விடும் என்பதை நான் நம்பத் தயாரில்லை. 2015 மே மாதம் சிகாகோ மாநாட்டில் மைக்ரோசாஃப்ட்டின் ஜெர்ரி நிக்சன் என்பவர் விண்டோஸ் 10-தான் கடைசி விண்டோஸ் என்று மேடையிலேயே சொன்னார், நிறுவனமும் அப்போது அதை ஓங்கி மறுக்கவில்லை. ஆறு வருஷத்தில் 11 வந்தது, கூடவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கான கணினிகள் செல்லாது என்ற அறிவிப்பும் வந்தது. எரிச்சல் வரத்தான் செய்யும். அந்த எரிச்சலில் அப்டேட்டே வேண்டாம் போ என்று உட்கார்ந்துவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இந்தக் கணினிக்கு நான் சொல்லும் வழி இஎஸ்யூ, அதாவது நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட். 2026 அக்டோபர் 13 வரை தருகிறார்கள். வெளிநாட்டு விலை 30 டாலர், ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து விண்டோஸ் பேக்கப் வழியாக செட்டிங்ஸை ஒத்திசைக்க ஒப்புக்கொண்டால் காசு வாங்குவதில்லை. செட்டிங்ஸுக்குள் அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, அதில் விண்டோஸ் அப்டேட், அங்கே வலது பக்கமோ கீழேயோ ‘என்ரோல் நவ்’ என்று வரும். வரவில்லை என்றால் பெரும்பாலும் உங்கள் விண்டோஸ், 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-க்கு வரவில்லை என்று அர்த்தம், முதலில் பாக்கி இருக்கிற அப்டேட்டை எல்லாம் போடுங்கள். இதைச் செய்யும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பேக்கப் திரையில் செட்டிங்ஸோடு சேர்த்து டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் ஃபோல்டர்களையும் ஒன்டிரைவுக்கு ஏற்றலாமா என்று கேட்கும். அவற்றை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கடைக்கு வந்துபோன ஊரார் சான்றிதழ் எல்லாம் உங்கள் பெயரில் மேகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், 5 ஜிபி இலவச இடமும் நிரம்பி, காசு கட்டு என்று தொல்லை தரும்.

இந்த இலவசம் வீட்டுக் கணினிகளுக்கான திட்டம், நிறுவன நெட்வொர்க்கில் டொமைனில் சேர்த்த கணினிகளுக்குக் கிடைக்காது. உங்கள் கடையில் அப்படி எதுவும் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஆன்டிவைரஸ் வாங்கினால் போதும் என்ற பக்கத்துக் கடைக்காரரிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள்: ஆன்டிவைரஸ் தெரிந்த கெட்ட ஃபைலைப் பிடிக்கும், விண்டோஸின் ஓட்டையை அது அடைக்காது. தவிர, கணினியிலேயே இருக்கும் டிஃபெண்டருக்கு வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அந்தக் காசுக்கு ஓர் எஸ்எஸ்டி வாங்கி மாட்டுங்கள், இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது என்றால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

அக்கா மகன் சொல்லும் ரூஃபஸ் மோசமான ஆயுதம் இல்லை. நல்ல, இலவச நிரல், 11-இன் சோதனைகளைத் தாண்டி ஏற்றித் தரும், உங்கள் ஐ5-இல் ஓடவும் ஓடும். ஆனால் இப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. மாதாந்தர அப்டேட் நடைமுறையில் வந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது, மறுபடி பென்டிரைவ், மறுபடி அக்கா மகன். 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது மிகப் பழைய சிப்களை அடியோடு வெட்டியும் விட்டார்கள். வீட்டுக் கணினி என்றால் தாராளமாகச் செய்து பார்க்கச் சொல்வேன். காலையில் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்று பத்துப் பேர் நிற்கிற கடையில், இஎஸ்யூ இருக்கிற வரை அது தேவையில்லை. அது முடிந்த பிறகு யோசிக்கலாம். எப்படியானாலும் அவன் ‘ஆக்டிவேட்டர்’ என்று எதையாவது டவுன்லோடு செய்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள், திருட்டு விண்டோஸை உயிர்ப்பிக்க வரும் அந்த நிரல்களோடு பாஸ்வேர்டு திருடும் நிரலும் ஒட்டிக்கொண்டு வருவது வாடிக்கை.

மகளின் லேப்டாப்புக்குப் பதில் இன்னும் சுலபம். ஐ5-8250யூ எட்டாம் தலைமுறை, பட்டியலில் இருக்கிறது. பிறகு ஏன் ஏறாது என்கிறது? மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் நிரலைப் போட்டுப் பாருங்கள், காரணத்தைப் பெயரோடு சொல்லும். டிபிஎம் இல்லை என்று வந்தால் பயாஸில், அதாவது விண்டோஸ் கிளம்பும் முன் ஓடும் அடிப்படை அமைப்பில், அது அணைந்து கிடக்கிறது, பிடிடி என்ற பெயரில் இருக்கும், போட்டுவிட்டால் முடிந்தது. கணினி கிளம்பும்போதே கெட்ட நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட் இல்லை என்று வந்தால் கொஞ்சம் நிதானம் வேண்டும்: யாரோ முன்பு பழைய லெகசி முறையில் விண்டோஸ் போட்டிருக்கலாம், அப்போது பயாஸில் யூஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்கு மாற்றினால் கணினி கிளம்பவே கிளம்பாது. முதலில் வட்டின் அமைப்பை அந்த முறைக்கு ஏற்ற ஜிபிடி வகைக்கு மாற்ற வேண்டும், அதற்கான கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. ஃபைலை எல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு இந்த வேலையை அக்கா மகனிடம் கொடுங்கள், அவனுக்குப் பொருத்தமான வேலை இதுதான். ஒருவேளை 11-ஐப் புதிதாகவே போடுகிறான் என்றால், மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்குமிடத்தில் மகளின் கணக்கைத்தான் கொடுக்க வேண்டும். புதிய பதிப்புகள் வட்டைத் தானாகவே பூட்டிவிடுகின்றன, அதைத் திறக்கும் மீட்புச் சாவி அந்தக் கணக்கில்தான் போய் உட்காரும். சர்வீஸ் பையனின் கணக்கில் போட்டு, ஒருநாள் நீல நிறத் திரை சாவி கேட்கும்போது அவன் போனை எடுக்கவில்லை என்றால், புராஜெக்ட், போட்டோ அத்தனையும் போச்சு.

அப்புறம் அந்த விண்டோஸ் 7. இதன் ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்தது, குரோமும் 2023 தொடக்கத்தில் 109-ஆம் பதிப்போடு கைவிட்டுவிட்டது. இதை மாற்ற வேண்டாம். நெட் வயரைப் பிடுங்குங்கள், வைஃபை அடாப்டர் இருந்தால் கழற்றி மேஜை டிராயரில் போடுங்கள். பேஜ்மேக்கரும் வானவில், பாமினி எழுத்துருக்களும் நெட் கேட்பதில்லை. பிரின்டரை யூஎஸ்பியில் நேரடியாக மாட்டுங்கள். மேட்டரைக் கொண்டுவர ஒரே ஒரு பென்டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள், வாடிக்கையாளர் பென்டிரைவை எப்போதும் விண்டோஸ் 10 கணினியில் மட்டும் போட்டு, ஸ்கேன் செய்து, வேண்டிய ஃபைலை மட்டும் உங்கள் பென்டிரைவுக்கு மாற்றுங்கள். பென்டிரைவ் போட்டதும் தானாகத் திறக்கும் ஆட்டோபிளேயையும் அணைத்துவிடுங்கள்.

விண்டோஸுக்குப் பதில் இலவச இயங்குதளமான லினக்ஸ் போடுங்கள் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். நானும் லினக்ஸ் கட்சிதான், அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்ததே, அது மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான நம் சென்னை சி-டாக்கில் வளர்ந்தது என்பதில் பெருமையும் உண்டு. தமிழ்99 தட்டச்சு, பிரவுசர், லிப்ரே ஆபிஸ் எல்லாம் லினக்ஸ் மின்டில் அழகாக ஓடும். ஆனால் உங்கள் கடைக்கு வேண்டாம். பேஜ்மேக்கர் ஓடாது, டேலி நேரடியாக ஓடாது, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இம்சை செய்யும். பாதிக் கடைகளில் உட்கார்ந்திருக்கும் கேனன் எல்பிபி 2900 பிரின்டர் லினக்ஸில் ஒருநாள் அடிக்கும், மறுநாள் முறைக்கும். வாடிக்கையாளரை நிற்க வைத்துக்கொண்டு டிரைவர் தேட முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், உண்மையில் எனக்குப் பயம் அங்கேதான். விண்டோஸ் 10 கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை இப்போதே திறந்து பாருங்கள். ஆதார், பான், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் என்று ஊரே அதில் படுத்திருக்கும். இ-ஆதார் பிடிஎஃப்புக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே என்பீர்கள். பெயரின் முதல் நான்கு எழுத்து, கூடப் பிறந்த வருஷம், அதுதான் பாஸ்வேர்டு. ஃபைலும் பெயரும் தெரிந்தவனுக்கு வருஷத்தை ஊகிக்க எவ்வளவு நேரம் ஆகும்? 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், பொதுக் கணினி மையங்களில் இ-ஆதார் இறக்காதீர்கள், முதல் எட்டு எண் மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவித்தது. ஒரே கலவரம், இரண்டு நாளில் அறிவிப்பை மத்திய அரசு திரும்பப் பெற்றது. என் கட்சி, அந்த அறிவுரையில் தப்பே இல்லை. ராத்திரி ஷட்டரை இறக்குவதற்கு முன் டவுன்லோட்ஸைக் காலி செய்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்வதை வழக்கமாக்குங்கள். ஆவணம் அனுப்பிய வாட்ஸ்அப் உரையாடல்களையும் அழியுங்கள், ஏனென்றால் கணினியில் அழித்தாலும் போனில் அப்படியே இருக்கும்.

வாட்ஸ்அப் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குப் போய் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்துவிடுங்கள். பிரின்டுக்கு வரும் ஃபைலின் பெயர் பிடிஎஃப் என்று தெரிந்து, அதற்குப் பின்னால் நிரலுக்கான இஎக்ஸ்இ ஒளிந்திருந்தால் அப்போதுதான் கண்ணில் படும். 2025-இல் வாட்ஸ்அப்பின் விண்டோஸ் செயலியிலேயே இப்படி ஒரு குறை வெளிப்பட்டது, படம் என்று காட்டப்படும் ஃபைல் திறந்தால் நிரலாக ஓடும். சரிசெய்துவிட்டார்கள், உங்கள் செயலி அப்டேட் ஆகியிருந்தால் பயமில்லை.

இஎஸ்யூ முடியும்போது கடைக்கு ஒரு கணினி மாற்ற வேண்டியிருக்கலாம். புதுசாகத்தான் வேண்டும் என்றில்லை, கம்பெனிகள் கழித்துக்கட்டும் செகண்ட் ஹேண்ட் போதும். சென்னை ரிச்சி தெருவோ உங்கள் ஊர்க் கடையோ, ‘ஐ5 சார், ஐ7 சார்’ என்பார்கள், அதில் மயங்காதீர்கள். ஆறாம் தலைமுறை ஐ7-ஐ விட எட்டாம் தலைமுறை ஐ3 உங்களுக்கு லாபம், 11 முறைப்படி ஏறும். பில் போடும் முன் செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் போய் பிராசசர் எண்ணை நீங்களே படியுங்கள்: இன்டெல் டெஸ்க்டாப்பில் ஐ3, ஐ5-க்குப் பின்னால் வரும் சிறு கோட்டுக்கு அப்புறம் நான்கு இலக்கம் என்றால் முதல் எண் 8 அல்லது 9, ஐந்து இலக்கம் என்றால் 10 அல்லது அதற்கு மேல் தொடங்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளதைக் காட்டி ‘இதுலயும் 11 ஓடுதே சார்’ என்று சொன்னால், அங்கேயும் ஒரு அக்கா மகன் ரூஃபஸ் போட்டிருக்கிறான்.