இலைப் பணமும் தசமபாகமும்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறோம். இலை விலை ஏறி இறங்குவதால் சில மாதம் தசமபாகம் கொடுக்கிறோம், சில மாதம் விட்டுப்போகிறது. பாக்கி சேர்ந்து மனதை உறுத்துகிறது. வாட்ஸ்அப்பில் உதவி கேட்பவர்களுக்கும் அவ்வப்போது அனுப்பிவிடுகிறோம். எந்தத் தொகையில் பத்தில் ஒன்று எடுப்பது? தவறாமல் கொடுக்க என்ன வழி?

பதில்: சகோதரி, உங்களுக்கு மனம் இருக்கிறது. பணம் வந்த நாளிலேயே தசமபாகப் பங்கைப் பிரித்து வைக்காததுதான் சிக்கல். மாதக் கடைசியில் மிஞ்சுவதிலிருந்து கொடுக்க நினைத்தால் எந்த வீட்டிலும் மிஞ்சாது. 1 கொரிந்தியர் 16:2-இல் பவுல் சொல்வதும் இதுதான்: அவரவர் வரவுக்குத் தக்கதாக, முன்கூட்டியே தன்னிடத்தில் சேர்த்து வைக்க வேண்டும்.

சம்பளக்காரர் கைக்கு வரும் தொகையில் கணக்குப் போட்டுவிடலாம். உங்களுக்கு அது சரிவராது. ஃபேக்டரி கொடுப்பதில் பாதி ஏற்கெனவே கூலிக்கும் உரத்துக்கும் உரியது. ஒரு மாதம் 900 கிலோ இலை, கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரவு 18,000. பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் 7,500. உரம், மருந்து, கவாத்து ஆகியவற்றின் ஆண்டுச் செலவை 12-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 1,500. மீதி 9,000, அதில் பத்தில் ஒன்று 900.

உரத்தை வாங்கிய மாதத்திலேயே முழுவதும் கழித்தால் அந்த மாதம் ஒன்றும் நிற்காது, அடுத்த மாதம் வரவு பெரிதாகத் தெரியும். கணக்கு பெரும்பாலும் இங்கேதான் குழம்புகிறது. தோட்டக் கடனுக்கான வட்டியைக் கழிக்கலாம். பள்ளிக் கட்டணம், மளிகை, பைக் தவணை எல்லாம் வீட்டுச் செலவு, அவற்றைக் கழிக்கக் கூடாது. நீங்களே பறித்த இலைக்குக் கூலி என்று எழுதிக் கழிப்பதும் சரியல்ல, அந்தப் பணம் உங்கள் வீட்டுக்குத்தானே வருகிறது.

டிசம்பர், ஜனவரி உறைபனியில் இலை கருகும் மாதங்களிலும், கவாத்து வெட்டிய பிறகும் மீதி எதுவும் இல்லாமல் போகலாம். அப்போது பத்தில் ஒன்றும் பூஜ்யம்தான். அதைப் பாக்கி என்று எழுதாதீர்கள். ஒருவனிடம் இருப்பதன்படியே காணிக்கை ஏற்கப்படும், இல்லாததன்படி அல்ல என்று 2 கொரிந்தியர் 8:12 தெளிவாகச் சொல்கிறது. இதுவரை சேர்ந்ததாக நீங்கள் நினைக்கும் பாக்கியையும் விட்டுவிட்டு இந்த மாதத்திலிருந்து தொடங்குங்கள். கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்கவே வேண்டாம்.

அதைவிட முக்கியம், பறிப்பவர்களின் கூலியை நிறுத்திவைத்துக் காணிக்கை எடுக்கக் கூடாது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது யாக்கோபு 5:4. பெற்றோரின் மருந்துச் செலவும் அப்படியே. மாற்கு 7-இல், பெற்றோருக்கு உதவ வேண்டியதைக் கொர்பான், அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லிக் கைவிரித்தவர்களை இயேசு கண்டித்தார்.

தசமபாகப் பங்குக்கென்று தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்று வையுங்கள், தபால் நிலையத்தில் இருந்தாலும் போதும். தேதி குறித்து வங்கியே தானாக எடுக்கும் ஏற்பாடு வேண்டாம். ஃபேக்டரிப் பணம் ஒரே தேதியில் வராது, கணக்கில் பணமில்லாமல் திரும்பினால் அபராதம் விழும். பணம் வந்த அன்றே கணவனும் மனைவியும் சேர்ந்து கணக்குப் பார்த்து மாற்றிவிடுங்கள்.

அந்த 900-இல் சபைச் சந்தாவுக்கும் காணிக்கைக்கும் 500, ஊழியங்களுக்கு 200, அக்கம்பக்கத்துத் தேவைக்கு 200 என்பது எங்கள் யோசனை, சட்டமல்ல. கடைசிப் பங்கைக் குறைக்காதீர்கள். உபாகமம் 14:28-29-இல் மூன்றாம் ஆண்டுத் தசமபாகம் ஆலயப் பணி செய்த லேவியருக்கு மட்டுமல்ல, பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை ஆகியோருக்கும் உரியது. மழையில் சுவர் இடிந்த வீடு உங்கள் குடியிருப்பு வரிசையிலேயே இருக்கும்.

வாட்ஸ்அப் வேண்டுகோளுக்கு அன்றே அனுப்பாதீர்கள், ஒரு வாரம் பொறுங்கள். பதிவு எண், கடந்த ஆண்டு வரவு-செலவு அறிக்கை, ரசீது மூன்றையும் கேளுங்கள். யுபிஐயில் பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயர் நிறுவனத்தின் பெயரா, தனி ஆளின் பெயரா என்று பாருங்கள். தனி ஆள் என்றால் நிறுத்துங்கள். சிகிச்சைக்கு என்றால் மருத்துவமனைக் கணக்கிலேயே கட்டலாம்.

சபையில் விளைபொருட்களைக் காணிக்கையாகப் படைத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையிலும் பலர் சறுக்குகிறார்கள். ஒரு பூசணிக்காயைப் போட்டி போட்டு 3,000-க்கு எடுத்துவிட்டு மாதக்கணக்கில் கடன் நிற்கும். போகும் முன்பே உச்சத் தொகையைப் பேசி, அதை மட்டும் பையில் எடுத்துச் செல்லுங்கள்.

வரிச்சலுகைக்காகத் தொண்டு நிறுவனத்தைத் தேட வேண்டியதில்லை. பச்சை இலையாகவே விற்பவரின் வருமானம் விவசாய வருமானம், அதற்கு மத்திய வருமான வரி கிடையாது. வீட்டில் சம்பளக்காரர் இருந்து பழைய வரி முறையில் கணக்குக் காட்டினால் மட்டும் நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் 80ஜி ரசீது பயன்படும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடைக்காது.

மார்ச் மாதம் நோட்டைத் திறந்து ஆண்டு மொத்தத்தை ஒருமுறை கூட்டுங்கள். உரத்துக்கு ஒதுக்கியது மிஞ்சியிருந்தால் அதிலும் பத்தில் ஒன்றை எடுத்து ஈஸ்டர் காணிக்கையோடு சேர்த்துவிடலாம்.